செவ்வியல் இசையின் வரலாற்றுப் பதிவுகள்

செவ்வியல் இசையின் வரலாற்றுப் பதிவுகள் என்பன, காந்த நாடாவும் நெடுநேர இசைத்தட்டும் வழக்குக்கு வருவதற்கு முன், மெழுகு உருளைகளிலும் அரக்கு இசைத்தட்டுகளிலும் பதியப்பட்ட செவ்வியல் இசை நிகழ்த்தல்களைக் குறிக்கும். 1877இல் தாமசு ஆல்வா எடிசன் ஒலிவரைவியை உருவாக்கியது முதல் ஏறத்தாழ 1950 வரையிலான காலப்பகுதி இதில் அடங்கும். மேற்குலகில் இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டவை பியானோப் பதிவுகள் ஆகும். தமிழ்நாட்டில் இதற்கு இணையானவை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னையில் பதியப்பட்ட கருநாடக இசைத்தட்டுகள் ஆகும்.

இவ்விரு தொகுதிகளும் ஒரே காலத்தில், ஒரே வகைக் கருவிகளால், பெரும்பாலும் ஒரே நிறுவனங்களால் உருவாக்கப்பட்டவை. எனினும் இவற்றுக்கிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பியானோ இசை எழுதப்பட்ட இசைக்குறியீட்டை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பதிவு அழிந்தாலும் இசையாக்கம் அழிவதில்லை. கருநாடக இசை ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செவிவழியாகச் சென்றது. ஒரு பாடகர் ஓர் இராகத்தை எவ்வாறு கையாண்டார் என்பதற்கு அவருடைய இசைத்தட்டைத் தவிர வேறு நேரடிச் சான்று இருப்பதில்லை. ஆகவே, தமிழகத்தின் பழைய இசைத்தட்டுகள் அழிவது ஒரு பதிவின் இழப்பாக மட்டுமன்றி, ஒரு பாடுமுறையின் இழப்பாகவும் ஆகக்கூடும்.

பதிவு முறைகள்

உருளையும் தட்டும்

எடிசனின் முதல் கருவி, தகரத்தாள் சுற்றிய உருளையில் ஒலியைப் பதிந்தது. பின்னர் தகரத்தாளின் இடத்தை மெழுகு உருளை பிடித்தது. 1887இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையை உருவாக்கினார். இதுவே கிராமபோன் ஆகும். ஒரு மூலத்தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தி எடுக்க முடிந்தமையால் தட்டு முறையே வணிகத்தில் வெற்றி பெற்றது.

ஒலிக்கொம்பு முறை

1925 வரை ஒலிவாங்கி பயன்படுத்தப்படவில்லை. பாடுபவர் ஒரு பெரிய கொம்பின் அகன்ற வாயருகே நின்று பாடுவார். ஒலியின் அழுத்தம் கொம்பின் குறுகிய முனையிலுள்ள மென்தகட்டை அதிரச் செய்யும். அவ்வதிர்வு ஓர் ஊசியின் வழியாகச் சுழலும் மெழுகுத்தட்டில் வரிப்பள்ளமாகப் பதியும். இதில் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்குதல் என்பதே இல்லை. பாடுபவரின் மூச்சின் ஆற்றலே பள்ளத்தை வெட்டியது.

இம்முறை ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே ஓரளவு நன்கு ஏற்றது. பியானோவின் அடிப்படைச் சுரங்கள் 27.5 ஹெர்ட்சில் தொடங்கி 4,186 ஹெர்ட்ஸ் வரை செல்கின்றன. எனவே பியானோவின் மந்திர ஒலிகளும் உச்ச ஒலிகளும் இக்கொம்பில் தேய்ந்தன. மேலும் பியானோ, வீணை ஆகிய இரண்டிலும் ஒலி தட்டியவுடன் அல்லது மீட்டியவுடன் பிறந்து, பின் படிப்படியாக மெலியும். அவ்வாறு மெலியும் பகுதி தட்டின் மேற்பரப்பு இரைச்சலில் மறைந்துவிடும். மனிதக் குரலும் நாகசுரமும் இக்குறைக்கு அவ்வளவாக ஆட்படவில்லை. பியானோவின் பின்பலகையைக் கழற்றியும், அதை மேடை மீது ஏற்றிக் கொம்பின் உயரத்துக்குக் கொண்டுவந்தும் ஒலிப்பதிவாளர்கள் இக்குறையை ஓரளவு சரிசெய்ய முயன்றனர்.

மின்முறைப் பதிவு

1925இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் கொண்ட பதிவுமுறை வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஏற்கப்படும் அதிர்வெண் எல்லை ஏறத்தாழ 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஆல்பிரெட் கோர்த்தோ வாசித்துப் பதியப்பட்டவை, மின்முறையில் அமைந்த முதல் பியானோப் பதிவுகளுள் அடங்கும். மெல்லிய ஒலியுடைய இசைக்கருவிகள் இசைத்தட்டில் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது இதன் பின்னரே.

துளைச்சுருள்

பியானோவுக்கு மட்டும் உரிய வேறொரு முறையும் இருந்தது. 1904இல் செருமனியின் பிரைபர்க் நகரிலிருந்த வெல்ட்டே நிறுவனம் வெல்ட்டே-மின்யோன் என்னும் கருவியை வெளியிட்டது. இது வாசிப்பவரின் விரல்கள் எந்த விசையை எப்போது அழுத்தின என்பதைத் தாள்சுருளில் குறித்துக்கொள்ளும். பின்னர் அச்சுருளின் துளைகளைக் கொண்டு மற்றொரு பியானோ தானாகவே இயங்கும். இது ஒலியின் பதிவு அன்று, செயலின் பதிவு. இன்றைய கணினி இசைக்கோப்புகளில் சுரங்களும் அவற்றின் நேரமும் மட்டும் குறிக்கப்படுவதுடன் இதனை ஒப்பிடலாம். இதில் இரைச்சல் இல்லை. ஆயினும், இயக்கப்படும் பியானோவின் தன்மையைப் பொறுத்தும் கருவி சரிசெய்யப்பட்ட விதத்தைப் பொறுத்தும் விளைவு மாறும். 1905இல் குஸ்தாவ் மாலரும், பின்னர் குளோத் தெபுசியும் இம்முறையில் வாசித்துள்ளனர். 1824இல் பிறந்த கார்ல் ரைனெக்கேயின் வாசிப்பும் இச்சுருள்களில் கிடைக்கிறது.

அரக்கு

அக்கால இசைத்தட்டுகள் அரக்கு, கற்பொடி போன்ற கனிமத் தூள்கள், கரி, பஞ்சு இழைகள் ஆகியவற்றின் கலவையால் செய்யப்பட்டன. இவற்றைப் பிணைக்கும் பொருள் அரக்கே. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினான இது, பெருமளவில் இந்தியாவிலிருந்தே உலகச் சந்தைக்குச் சென்றது. இன்றைய சார்க்கண்டு மாநிலத்தை உள்ளடக்கிய சோட்டா நாக்பூர் பகுதி இதன் முதன்மை விளைநிலமாகும். பாரிசிலும் இலண்டனிலும் பதியப்பட்ட பியானோ இசையும் இந்தியக் காடுகளின் அரக்கில்தான் அச்சாயிற்று.

பியானோப் பதிவுகள்

1887 வாக்கில் சிறுவனாக இருந்த யோசப் ஹோப்மன், எடிசனின் ஆய்வகத்தில் சில உருளைகளைப் பதிவு செய்தார். அவை கிடைக்கவில்லை. 1889 திசம்பரில் வியன்னாவில் யோகான்னசு பிராம்சு தமது அங்கேரிய நடனம் ஒன்றின் பகுதியை வாசித்தது உருளையில் பதியப்பட்டது. இப்பதிவில் இரைச்சலே மிகுதி. எனினும் ஒரு பெரும் இசையமைப்பாளர் தம் கையால் வாசித்ததன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று என்பதால் இது பலமுறை ஆராயப்பட்டுள்ளது.

வணிக இசைத்தட்டுகளில் முதன்மையானவற்றுள் சில பின்வருமாறு:

• 1903: பாரிசில் ரவூல் புய்ஞோ, எட்வர்டு கிரீகு ஆகியோரின் பதிவுகள்.
• 1904: கமீல் சேன்-சாந்சின் பதிவுகள், பாடகி மேரி கார்டனுக்குத் தெபுசி பியானோ வாசித்த பதிவுகள்.
• 1907: விளாதிமீர் தெ பாக்மனின் முதல் பதிவுகள்.
• 1928: 1839இல் பிறந்த பிரான்சிசு பிளாந்தே தமது முதுமையில் அளித்த பதிவுகள்.
• 1932-1935: ஆர்தர் சுனாபெல் இலண்டனில் பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முழுமையாகப் பதிந்தது. முன்பணம் செலுத்திய உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கழகத்தின் வழியாக இத்தட்டுகள் விற்கப்பட்டன.

இப்பதிவுகளைக் கேட்டோர்க்கு எதிர்பாராத ஒரு செய்தி புலப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பயின்ற கலைஞர்களுட் பலர், இடக்கைச் சுரத்தை வலக்கைச் சுரத்துக்குச் சற்று முன்னதாக வாசித்தனர். ஒரே நேரத்தில் ஒலிக்குமாறு எழுதப்பட்ட சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறவிட்டனர். ஒரே பகுதிக்குள் வேகத்தை வெளிப்படையாகக் கூட்டியும் குறைத்தும் வாசித்தனர். இன்று ஓர் இசைக்கல்லூரி மாணவர் இவ்வாறு வாசித்தால் பிழையாகக் கொள்ளப்படும். இசைக்குறியீடு அப்படியே இருக்க, அதை வாசிக்கும் முறை ஒரு நூற்றாண்டுக்குள் பெரிதும் மாறிவிட்டது என்பதை இசைத்தட்டுகளே காட்டின.

தமிழகத்தில் இசைப்பதிவு

தொடக்கம்

கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைசுபெர்க் 1902இல் கொல்கத்தாவுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் கௌகர் சான் என்னும் பாடகியைப் பதிவு செய்தார். இதைத் தொடர்ந்து வந்த பதிவுக் குழுக்கள் சென்னையிலும் பணியாற்றின. தொடக்கத்தில், பதியப்பட்ட மெழுகுத்தட்டுகள் செருமனியின் அனோவர் நகருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு, அச்சிட்ட தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908இல் கொல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை நிறுவப்பட்ட பின் இந்நிலை மாறியது.

பல பழைய தட்டுகளின் முடிவில் கலைஞர் தமது பெயரைத் தாமே அறிவிப்பதைக் கேட்கலாம். மொழி அறியாத ஆலைப் பணியாளர்கள் தட்டுக்குரியவர் யாரென்று அறிந்து சரியான பெயர்த்தாளை ஒட்டுவதற்கு இவ்வறிவிப்பு உதவியது. இன்று பெயர்த்தாள் அழிந்துபோன தட்டுகளை இனங்காணவும் அதுவே உதவுகிறது.

முதற்காலப் பாடகியர்

தமிழகத்தின் முதற்கால இசைத்தட்டுகளில் பெண்களின் குரலே மேலோங்கி நிற்கிறது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களுட் பலர் தேவதாசி மரபில் வந்தவர்கள். அன்று புகழ் பெற்றிருந்த ஆண் வித்துவான்கள் பலர் இக்கருவிக்குப் பாட முதலில் தயங்கினர். மரபுவழியாக இசையையே தொழிலாகக் கொண்ட பெண்கள் இப்புதிய வாய்ப்பை ஏற்றனர்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்று, 1947இல் சென்னை மாகாணத்தில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நீக்குதலே சட்டத்தின் நோக்கம். ஆனால் அதனுடன் அம்மரபின் இசையும் ஆடலும் பொதுவெளியில் மதிப்பிழந்தன. அப்பாடகியருட் பலரைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு. அவர்களது இசையை அறிய எஞ்சியிருப்பவை இத்தட்டுகளே.

மின்முறைக் காலம்

மின்முறைப் பதிவு வந்த பின் இசைத்தட்டு வணிகம் தமிழகத்தில் விரைந்து பெருகியது. 1926இல் ம. ச. சுப்புலட்சுமி தமது பத்தாம் அகவையில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். நாடக மேடையில் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பா 1933இல் தமது 27ஆம் அகவையில் காலமானார். அவர் பேசும்படங்களில் நடிக்கவில்லை. ஆகவே அவரது குரல் இன்று கேட்கக் கிடைப்பது இசைத்தட்டுகளால் மட்டுமே. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் திரைத்துறையில் ஈடுபடுவதற்கு முன், கூட்டாளிகளுடன் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார்.

வீணை தனம்மாளின் பதிவுகள் மின்முறையின் பயனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இவர் வடசென்னையின் ஜார்ஜ் டவுனில் இராமகிருட்டிண செட்டித் தெருவில் வாழ்ந்தவர். அவ்வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்ததைக் கேட்க இசைவாணர்கள் கூடுவது வழக்கம். மிக மென்மையாக வாசிப்பவர் என்பதால் கேட்போர் அசையாமல் அமர்ந்திருப்பர் என்று கூறுவர். இத்தகைய ஒலியை ஒலிக்கொம்பு கைப்பற்றியிருக்க இயலாது. 1930களில் கொலம்பியா நிறுவனம் ஒலிவாங்கி கொண்டு பதிந்த சில தட்டுகளே அவருடைய வாசிப்பை இன்று கேட்க உதவுகின்றன. அப்போது அவருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. அவர் 1938இல் காலமானார்.

இசைத்தட்டிலிருந்து பியானோவுக்கு: இராகமாலிகா

இவ்விரு மரபுகளும் நேரடியாகச் சந்தித்த நிகழ்வு ஒன்றும் உண்டு. மொரீசு தெலாஜ் (1879-1961) என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், மொரீசு இராவெலின் மாணவர். இவர் 1912 வாக்கில் இந்தியாவுக்குப் பயணம் செய்தார். கோயம்புத்தூர் தாயியின் (1872-1917) இசைத்தட்டுகள் இவரைப் பெரிதும் கவர்ந்தன. பழனிக்குஞ்சரம் என்பது தாயியின் இயற்பெயர். தாயி பாடிய இராமலிங்க அடிகளின் அருட்பா இசைத்தட்டு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, குரலுக்கும் பியானோவுக்குமாகத் தெலாஜ் 'இராகமாலிகா' என்னும் இசையாக்கத்தை எழுதினார். இது பின்னர் பல்லியத்துக்கும் விரித்து எழுதப்பட்டது. 1914 சனவரியில் பாரிசில் அரங்கேறிய அவரது 'நான்கு இந்துப் பாடல்கள்' என்னும் தொகுப்பின் முதற்பாடலுக்கு 'மதராசு' என்று பெயர்.

இராகமாலிகாவில் தெலாஜ் எதிர்கொண்ட சிக்கல் தெளிவானது. பியானோவில் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையே சுரம் இல்லை. கமகத்தை அதில் வாசிக்க இயலாது. ஆகவே பாடலின் அசைவுகளைக் குரலிடம் விட்டு, பியானோவைத் துணையாக அமைத்தார். இந்திய முழவின் ஒலியை உணர்த்துவதற்காக, பியானோவின் மந்திரப் பகுதியில் குறிப்பிட்ட ஒரு சுரத்தின் தந்திகளுக்கிடையே அட்டைத்துண்டு ஒன்றைச் செருகுமாறு குறிப்பு எழுதினார். பியானோவின் தந்திகளில் பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் முறை, பிற்காலத்தில் அமெரிக்கரான ஜான் கேச்சால் பெரிதும் வளர்க்கப்பட்டது. அதன் முன்னோடிகளுள் ஒன்றாக இராகமாலிகா கருதப்படுகிறது.

இதற்கு முன்னரும் கருநாடக இசையைப் பியானோவில் வாசிக்கத்தக்க வடிவில் எழுதும் முயற்சி சென்னையில் நடந்துள்ளது. 1893இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் கருநாடக இசைப்பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. அதில் கமகங்களைக் காட்டத் தனிக் குறிகள் உள்ளன. இசைத்தட்டும் இத்தகைய நூல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. நூல் எந்தச் சுரம் என்பதைக் கூறும். அச்சுரம் எவ்வாறு அசைந்தது என்பதைத் தட்டு கூறும்.

மூன்று நிமிட எல்லை

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமும், 12 அங்குலத் தட்டில் ஏறத்தாழ 4 நிமிடமும் மட்டுமே பதிய முடிந்தது. நீண்ட பியானோ சொனாட்டாக்கள் பல பக்கங்களாகத் துண்டிக்கப்பட்டன. கேட்பவர் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டும். எனினும் பல பதிவுகளில் குறியீட்டில் உள்ள சுரங்கள் முழுமையாக இடம்பெற்றன.

கருநாடக இசையில் இவ்வெல்லை வேறு விதமாகச் செயற்பட்டது. கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியக்கூடிய ஆலாபனையைக் கலைஞர் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார். கீர்த்தனைகளில் சங்கதிகள் குறைக்கப்பட்டன. சில இடங்களில் அனுபல்லவியோ சரணமோ விடப்பட்டது. வேகம் கூட்டப்பட்டதும் உண்டு. எனவே பழைய இசைத்தட்டைக் கேட்டு, அக்காலக் கச்சேரிகளும் இவ்வாறு சுருக்கமாகவும் விரைவாகவும் இருந்தன என்று முடிவு செய்தல் தவறாகும். மாறாக, ஓர் இராகத்தின் உருவத்தைக் காட்ட இன்றியமையாதவை என்று அக்கலைஞர் கருதிய சொற்றொடர்கள் எவை என்பதை இத்தட்டுகள் அறியத்தருகின்றன.

சுழற்சி வேகமும் சுருதியும்

இத்தட்டுகள் பொதுவாக '78 சுழற்சித் தட்டுகள்' என்று அழைக்கப்பட்டாலும், ஒலிக்கொம்புக் காலத்தில் நிமிடத்துக்கு 78 சுழற்சி என்பது எல்லோரும் பின்பற்றிய அளவாக இருக்கவில்லை. வெவ்வேறு தட்டுகள் 70க்குச் சற்று மேலிருந்து 80க்குச் சற்று மேல் வரையிலான வேகங்களில் பதியப்பட்டன. தவறான வேகத்தில் இயக்கினால் காலமும் சுருதியும் ஒருசேர மாறும்.

எடுத்துக்காட்டாக, 74 சுழற்சியில் பதிந்த தட்டை 78 சுழற்சியில் இயக்கினால் அதிர்வெண்கள் 5.4 விழுக்காடு உயரும். ஓர் அரைச்சுர இடைவெளி என்பது ஏறத்தாழ 5.9 விழுக்காடு. ஆகவே ஐந்து கட்டையில் பாடியவரின் குரல், ஏறத்தாழ ஐந்தரைக் கட்டையில் பாடியது போலக் கேட்கும். 3 நிமிடம் 10 நொடி பாடியது 3 நிமிடத்தில் முடிந்துவிடும். கமகங்களும் பிருகாக்களும் உண்மையில் இருந்ததைவிட விரைவாகத் தோன்றும். பழைய பாடகியர் 'கீச்சுக் குரலில்' பாடினர் என்னும் பரவலான எண்ணத்துக்கு, மந்திர ஒலிகளை ஏற்காத ஒலிக்கொம்புடன் இவ்வேகப் பிழையும் ஒரு காரணமாகும்.

பியானோப் பதிவில் இதைத் திருத்துவது எளிது. இசையாக்கம் எந்தச் சுருதியில் எழுதப்பட்டது என்பது தெரியும். அக்காலப் பியானோக்கள் எந்த அதிர்வெண்ணுக்கு இசைக்கப்பட்டன என்பதும் ஓரளவு தெரியும். தட்டிலிருந்து வரும் ஒலி அச்சுருதியுடன் பொருந்தும் வரை வேகத்தை மாற்றினால் போதும். கருநாடக இசையில் இத்தகைய அளவுகோல் இல்லை. ஆதார சுருதி பாடுபவரின் வசதிக்கேற்ப அமைவது. தம்பூராவின் ஒலி ஒலிக்கொம்புப் பதிவுகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் முதற்காலத் தட்டுகள் பலவற்றில் ஆர்மோனியம் பக்கவாத்தியமாக உள்ளது. ஆர்மோனியத்தின் நாக்குகள் குறிப்பிட்ட அதிர்வெண்களுக்கு அமைக்கப்பட்டவை என்பதால், பாடகரின் சுருதி அதன் விசைகளுள் ஒன்றுடன் பொருந்தியிருக்க வேண்டும். இதனால் சாத்தியமான வேகங்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒரே அமர்வில் பதிந்த பிற தட்டுகளுடன் ஒப்பிட்டு மேலும் துல்லியமாக்கலாம்.

ஒரு தட்டு எந்த அமர்வைச் சேர்ந்தது என்பதை அறிய, பெயர்த்தாளை ஒட்டிய வெற்றுப்பகுதியில் பொறிக்கப்பட்ட அச்சு எண் பயன்படுகிறது. ஆத்திரேலியரான மைக்கேல் கின்னியர் இத்தகைய எண்களையும் நிறுவன ஆவணங்களையும் கொண்டு இந்தியாவின் முதற்கால இசைத்தட்டுகளுக்கு விரிவான அட்டவணைகளைத் தொகுத்துள்ளார்.

பாதுகாத்தல்

அரக்குத் தட்டு எளிதில் உடையக்கூடியது. கிராமபோன் கருவியின் கனத்த ஒலிப்பெட்டியும் எஃகு ஊசியும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைத் தேய்த்தன. ஆகவே அதிகம் விரும்பிக் கேட்கப்பட்ட தட்டே இன்று அதிகம் தேய்ந்திருக்கும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை படர்வதும் பெருஞ்சிக்கல் ஆகும். வீட்டில் பழைய தட்டுகள் வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

• தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் படாமல் காக்க வேண்டும்.
• சாராயம் கலந்த நீர்மங்களால் துடைக்கக் கூடாது. பிற்கால நெகிழித் தட்டுகளுக்கு அவை ஏற்றவை, அரக்கையோ கரைத்துவிடும். வடிநீரும் மென்துணியும் போதுமானவை.
• பழைய கிராமபோனில் இயக்கிப் பார்க்கக் கூடாது. எடை குறைந்த நவீன ஊசிக்கருவியையே பயன்படுத்த வேண்டும். நெடுநேரத் தட்டுக்கான ஊசி, இத்தட்டுகளின் அகன்ற பள்ளத்துக்குப் பொருந்தாது. ஏறத்தாழ மூன்று மடங்கு அகன்ற முனையுடைய ஊசி தேவை.
• உடைந்த தட்டையும் எறிந்துவிடக் கூடாது. துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தி ஒலியை மீட்பது பல வேளைகளில் இயலும்.
• உறையையும், தட்டுடன் வந்த பாட்டுப் புத்தகத்தையும் தட்டுடனேயே வைக்க வேண்டும். பாடல், இராகம், கலைஞர் பற்றிய செய்திகள் அவற்றில் இருக்கக்கூடும்.

எண்மமாக்கும்போது, நொடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 இருமம் என்னும் அளவில் பதிவது ஆவணகங்களின் வழக்கம். இரைச்சல் நீக்கப்படாத மூலக்கோப்பைத் தனியாகப் பேணுதல் இன்றியமையாதது. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள், மெல்லிய கமகங்களையும் மெலிந்து செல்லும் வீணை ஒலியையும் இரைச்சலென்று கருதி நீக்கிவிடக்கூடும். மூலக்கோப்பு இருந்தால், பிற்காலத்தில் சிறந்த மென்பொருள் வரும்போது மீண்டும் முயலலாம்.

சென்னையில் 1994 முதல் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பில் நூல்களுடன் இசைத்தட்டுகளும் உள்ளன. மும்பையைச் சார்ந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கழகம் இத்துறையில் ஆய்வும் வெளியீடும் செய்துள்ளது. 2011இல் விக்ரம் சம்பத் பெங்களூரில் இந்திய இசை ஆவணகத்தை நிறுவினார். இவற்றுக்கு அப்பால், பெருந்தொகையான தட்டுகள் தனியார் வீடுகளிலும் பழைய பொருள்கள் விற்கும் கடைகளிலும் உள்ளன.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். இங்கு கூறப்பட்ட இசைத்தட்டுகளின் பதிவுரிமை இந்தியாவில் இவ்வாறு முடிவடைந்துவிட்டது. ஆனால் பதிவில் இடம்பெறும் பாடலுக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு. அது அவற்றை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர், இராமலிங்க அடிகள் போன்றோரின் பாடல்களுக்கு இச்சிக்கல் இல்லை. அமெரிக்காவில், 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 சனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு வந்தன.

எனவே கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலானோரின் தட்டுகளைப் படியெடுத்துப் பொதுவில் வைப்பதற்குப் பெரும்பாலும் சட்டத்தடை இல்லை. எஞ்சியிருக்கும் தட்டுகளைக் கண்டறிந்து, சரியான வேகத்தில் படியெடுத்து, உரிய விவரங்களுடன் பதிந்து வைப்பதே செய்யப்பட வேண்டிய பணியாக உள்ளது.